வெளியே வரைந்த மீன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் முழங்கால் வலியில் பிறந்தது.

மருத்துவர் மீன் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன் டப்பாவில் உள்ளதையெல்லாம் படித்துவிடுவது என் பழக்கம். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தேன். காட் என்ற மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயாம். யார் இந்தக் காட்? என் மூட்டுக்காகத் தன் ஈரலைக் கொடுத்த ஒரு ஜீவனைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் விழுங்குவது நன்றிகெட்ட காரியமாகப் பட்டது. நூலகத்துக்குப் போய்க் கனமான மீன் புத்தகம் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். மாத்திரை தீர்ந்தது. புத்தகம் தீரவில்லை. வலியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நம் மொழியில் இந்த மீனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வடக்கே குளிர்ந்த கடல்களில் வாழும் பிராணி. நம் பேச்சுக்குள் அது நீந்தி வந்ததில்லை. அதனால் நானும் காட் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தில் பர்பட் என்ற மீனைப் பற்றி ஒரு வரி வந்தது. காட் மீனின் உறவுக்கூட்டத்தில் கடலை விட்டுவிட்டு ஆற்றிலும் ஏரியிலும் குடியேறிய ஒரே மீன் அதுதான். 'இதைச் சிலர் காட் குடும்பத்துக்குள் வைப்பர். சிலர் வேறு குடும்பத்தில் வைப்பர்.' அவ்வளவுதான் வரி. எழுதியவர் அடுத்த பத்தியில் அதன் முட்டைகளைப் பற்றிச் சொல்லப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் வீடு மாறும் ஒரு ஜீவன். அது ஒரு குழந்தையாக இருந்தால் என்ன செய்யும் என்று தோன்றிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கடலின் அடியில், ஒளி நுழையாத அந்த மௌனப் பெருவெளியில் ஒரு மீன் தன்'

அடித்துவிட்டேன். நான் கடலின் அடிக்குப் போனவன் இல்லை. மௌனமும் பொய்: ஆண் காட் இணை தேடும்போது உறுமும் என்று புத்தகம் சொல்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

'அருங்காட்சியகத்தின் மேல் மாடியில், ஜாடிகளுக்கு நடுவே, தன் வாழ்நாளையெல்லாம் தொலைத்த ஒரு பெண்'

இதுவும் வேண்டாம். தொலைத்த என்று எழுதியதுமே அந்த அம்மாள் பரிதாபமாகிவிடுகிறார். அவர் அப்படி இல்லை. நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகச் சிரிப்பார். மீன் பிரிவின் காப்பாளர். முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் குடியிருப்பில் எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். மாடிப்படியில் பார்த்தால் இருமலுக்கு மருந்து கேட்பார்கள். வெந்நீர் குடியுங்கள் என்று அவரும் சொல்லி அனுப்புவார்.

அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். "என் பொண்டாட்டி ஜாடியத் தெறப்பா, நான் பெட்டியத் தெறப்பேன். ரெண்டு பேருக்கும் உள்ள மாட்டிக்கிட்டது மேலதான் அக்கறை" என்பார். பிள்ளை இல்லாத வீடு. வெகு காலம் காத்திருந்து, குழந்தைகள் இல்லத்தில் எழுதிவைத்து, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறார்கள்.

வந்த அன்று காரின் பின்சீட்டில் நடுவில், மடியில் பையை வைத்துக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். கணவர் கண்ணாடியில் பார்த்து, "எங்க போகணும் மேடம்?" என்றார். அன்றிலிருந்து அவள் மேடம். அவளுக்கு அவர் லிப்ட் அங்கிள், காப்பாளர் மீன் ஆன்ட்டி.

இப்போது எது பணயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்து வாசகரைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. இது பழகிப் பார்க்கும் காலம். வருகிற சனிக்கிழமை இல்லத்தின் பொறுப்பாளர், பிள்ளைகள் இல்லத்தம்மா என்று அழைப்பவர், வீட்டுக்கு வருவார். சிறுமியைத் தனி அறையில் உட்காரவைத்து, இங்கேயே இருக்க விருப்பமா என்று கேட்பார். அவள் சொல்வதுதான் முடிவு. கதை நடப்பது வியாழக்கிழமை.

3

(இந்தப் பகுதி முழுக்க மீன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பின்னால் சிறுமி ஒரு கேள்வி கேட்பாள், அப்போது திரும்பி வர வேண்டியிருக்கும்.)

சந்தையில் காட் என்றால் வெள்ளைச் சதை. வெள்ளையாக, ஏடு ஏடாகப் பிரிந்து வந்தால் போதும், தூரத்து உறவுகூட இல்லாத மீன்களுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். காப்பாளரால் அப்படிச் செய்ய முடியாது. முதுகில் மூன்று துடுப்பு, அடியில் பின்புறம் இரண்டு, மோவாயில் தாடி மாதிரி தொங்கும் ஒற்றை இழை: இவ்வளவும் பார்த்துத்தான் பேச்சையே தொடங்குவார்.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் பெரும்பாலும் அட்லாண்டிக். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், வடக்கே இரண்டு கண்டங்களுக்கு நடுவில் ஒரு நீர்வழி திறந்தது. சில மீன்கள் பனிக்கடல் வழியாகப் பசிபிக்குக்குப் போயின. அங்கேயே தங்கி, அந்தத் தண்ணீருக்கு ஏற்ப மாறி, பசிபிக் காட் ஆயின. அவற்றின் வாரிசுகளில் சில, பிறகு ஒரு காலத்தில், அதே பனி வழியாகத் திரும்பிக் கிரீன்லாந்து கரைக்கு வந்து சேர்ந்தன. ஆராய்ச்சியாளர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தனி இனம் என்று எண்ணி, புதுப் பெயர் வைத்து, தனியாகவே வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தால் அது பசிபிக் காட்டேதான். போலாக் என்ற மீனுக்கும் இதே கதை. தனிப் பேரினம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அட்லாண்டிக் காட்டுக்கு அவ்வளவு நெருங்கிய ரத்தம் என்று தெரிந்த பிறகு உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

கடவுள் மீன்களைப் படைத்தபோது பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. நாம் ஒட்டுகிறோம், கிழிக்கிறோம், மறுபடி ஒட்டுகிறோம். மீன்களுக்கு அதனால் ஒன்றுமில்லை.

[இங்கே ஒரு சிறு விலகல். உறைபனியில் வாழும் காட் வகை ஒன்றின் ரத்தத்தில் பனிக்கட்டி பிடிக்காமல் காக்கும் ஒரு புரதம் உண்டு. அதை உண்டாக்கும் மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடினால், எந்தப் புரதத்தையும் உண்டாக்காமல் சும்மா கிடந்த ஒரு பகுதியிலிருந்து வந்திருக்கிறதாம். இறைவனின் கிடங்கில் குப்பைக்கூடை இல்லை போலிருக்கிறது. இதைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விடவும் மனமில்லை. இங்கேயே இருக்கட்டும்.]

கடைசியாக ஒரு தொழில் வழக்கம். மீன்களின் உறவு மரத்தை வரையும்போது, அந்தக் கூட்டத்தை மட்டும் வைத்து வரைந்தால் வேர் எங்கே என்று தெரியாது. எந்த அம்சம் பழையது, எது பிறகு வந்தது என்று ஒப்பிட, நெருங்கிய உறவு ஆனால் கூட்டத்தில் சேராதது என்று ஒரு மீனைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதன் கோடு மரத்தின் அடியிலிருந்தே தனியாகப் பிரிந்து போகும். காப்பாளர் அதை வெளியாள் என்பார். காட் மரத்துக்கு அவர் வைக்கும் வெளியாள் பர்பட்.

4

வியாழன் மாலை. சாப்பாட்டு மேசை.

"ஆன்ட்டி, ஸ்கூல்ல குடும்ப மரம் வரஞ்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எப்படி வரையறது?"

"மரமா?" காப்பாளர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேடம், தப்பான ஆளுகிட்ட கேட்டுட்டீங்க. இனிமே சாப்பாடு ஆறிப்போயிடும்" என்றார் கணவர்.

காப்பாளர் ஒரு தாளை இழுத்துக் கோடு போட ஆரம்பித்திருந்தார். "இங்க பாரு. இது அட்லாண்டிக் காட். இது போலாக். இவங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கம், அதனால ஒரே கவட்டையில வரணும். இது பசிபிக் காட், கொஞ்சம் கீழ. புரியுதா?"

"இந்தக் கோடு மட்டும் ஏன் அடியிலேருந்தே தனியாப் போகுது?"

"அது பர்பட். வெளியாள்."

"வெளியாள்னா?"

"பக்கத்துலயே வச்சுப்போம். ஆனா குடும்பத்துல சேராது."

மேசைக்கடியில் கணவர் காலால் இடித்தார்.

"என்னங்க, கால் நீட்ட எடமில்லையா?"

"இல்ல, சும்மா."

"சும்மா எதுக்கு இடிக்கிறீங்க? அது இல்லாம மரமே வரைய முடியாதும்மா. அதனால கூட வச்சுக்கறது."

சிறுமி தாளைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் புதுத் தாளோடு வந்தாள். "சரியா இருக்கா ஆன்ட்டி?"

காப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அடடே. கவட்டை சரி. வேர் சரியான எடத்துல இருக்கு. வெளியாள் கோடு அடியிலேருந்தே தனியாப் போகுது, அதுவும் சரி. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

அவள் தாளை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் காப்பாளர் கோடுகளின் முனையில் இருந்த எழுத்துகளைப் படித்தார். ஒரே கவட்டையில் இரண்டு கிளைகள்: மீன் ஆன்ட்டி, லிப்ட் அங்கிள். அடியிலிருந்து தனியாகப் போன நீண்ட கோட்டின் முனையில், அழகான கையெழுத்தில்: நான்.

அறைக் கதவு சாத்திக்கொண்டது.

"நான் காலால சொன்னேன்" என்றார் கணவர்.

"வாயால சொல்லியிருக்கலாமே."

"புள்ளய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

இருவரும் ஆறிய சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

5

இதுவரை எழுதியதை என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். "இவ்வளவு படிச்சவ, ஆசையா ஒரு கொழந்தையக் கூட்டிட்டு வந்தவ, இப்படியா பேசுவா? நம்பற மாதிரி இல்லண்ணா" என்றாள்.

எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு நாள் முழுக்க அந்த அம்மாளை எழுதாமல் தள்ளிவைத்தேன். அவரை மாற்றிப் பார்த்தேன்: கொஞ்சம் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். அப்போது தவறு பொருந்தியது, ஆனால் மற்ற எதுவும் பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமைக் காலையில் அவர் செய்யப்போவதைக் கல்நெஞ்சக்காரி செய்யமாட்டாள்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரர் நினைவுக்கு வந்தார். துக்க வீட்டில் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர், நடுவில், "இந்தக் காலர் யார் வெட்டினது?" என்று கேட்டார். மறுநாள் அதை நினைத்து அழுதாராம். கண் தொழிலுக்குப் பழகிவிட்டால் அன்புக்கு முன்னே ஓடிப் போய் நிற்கும். அன்பு இல்லாததால் அல்ல. அன்புக்குக் கால் கொஞ்சம் மெதுவு. தங்கையிடம் இதைச் சொன்னேன். "சரி, எழுது. ஆனா சீக்கிரம் அந்தப் புள்ளகிட்டப் போ" என்றாள்.

போகிறேன்.

6

வெள்ளிக்கிழமைக் காலை. செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்தில் சிறுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் வந்தபோது கொண்டுவந்த அதே பை.

"அவங்க நாளைக்குத்தானே வருவாங்க?" என்றார் காப்பாளர்.

"தெரியும். இப்பவே எடுத்து வச்சா நாளைக்கு லேட் ஆகாது."

காப்பாளர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர்கள் வாங்கித் தந்தவை எல்லாம் கட்டிலின்மேல் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. புது உடுப்புகள், துண்டு, பூனை படம் போட்ட பென்சில் பெட்டி. பெட்டிக்குள் பென்சில்கள் சீவி வைக்கப்பட்டிருந்தன. திருப்பிக் கொடுக்கும் பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு வசனம் தயாராக இருந்தது:

'"கண்ணே, வெளியாள் வந்தால்தானே மரத்துக்கு வேர் தெரியும்? நீதான் எங்கள் வேர்" என்று காப்பாளர் அவளை'

எழுதி, படித்து, எனக்கே பிடித்துப் போனது. பிறகு அடித்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் தோளில் வேர் வேலையை ஏற்றலாமா? மண்ணுக்கடியில் எவ்வளவு பாரம் தெரியுமா அதற்கு? தவிர, பேசித்தான் அந்த அம்மாள் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறார். இன்னும் அழகாகப் பேசவைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் தரையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "நேத்து நான் தப்புப் பண்ணிட்டேன். நீ வரஞ்சதப் பாத்தேன். உன்னப் பாக்கல" என்றார். 

சிறுமி பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த மீன் நிஜமாவே இருக்கா?" என்றாள்.

"இருக்கு. எங்க ஆபீஸ்ல."

"பாக்கலாமா?"

ஒரு நாள் பாடம் போனால் குடி முழுகிவிடாது. கணவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். அருங்காட்சியக வாசலிலேயே காவலாளியிடம், "உங்க லிப்ட் முனகுது, கேக்குதா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலே போக அவருக்குத் தைரியம் வரவில்லை என்பது காப்பாளருக்குப் புரிந்தது.

மாடியில் வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். கண்ணாடி ஜாடிகளில் சாராயத்தில் ஊறிய மீன்கள், நிறம் போய், பழைய தந்தம் மாதிரி. காட் மீனின் உறவினர்களை எல்லாம் தாண்டி நடந்து, கடைசியில் வேறொரு அலமாரியைத் திறந்து, காப்பாளர் ஒரு ஜாடியை இரண்டு கையாலும் எடுத்துவந்தார். சிறுமிக்குக் கையுறை மாட்டிவிட்டார். விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். மீனைத் தட்டில் கிடத்தினார்.

சிறுமி அதன் மோவாயைத் தொட்டாள். "இதுக்கும் தாடி இருக்கே."

"ஆமா."

"காட்டுக்கும் இதேதானே?"

"இதேதான். ஒத்தைத் தாடி."

"அப்புறம் ஏன் வெளிய போட்டீங்க?"

(மூன்றாம் பகுதியைத் தாண்டி வந்தவர்கள் இப்போது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் காத்திருக்கிறோம்.)

"யாராவது ஒருத்தர் வெளிய நின்னாத்தான் மரத்துக்கு அடி எது, நுனி எதுன்னு தெரியும்."

"வேற மீனே கெடைக்கலையா?"

"எத வச்சாலும் அதுக்கு இதே கோவம்தான் வரும்."

சிறுமி கொஞ்சம் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "இது எந்தக் குடும்பம்?"

"ஒரு புத்தகத்துல காட் குடும்பம். இன்னொரு புத்தகத்துல வேற குடும்பம்."

"நீங்க எந்தப் புத்தகம்?"

நான் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மாள் என்ன சொல்வார்? அவர் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டாவது புத்தகத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். அதனால்தான் வேறு அலமாரி. பொய் சொல்லுங்கள் அம்மா என்று கெஞ்சினேன். ஜாடியை எடுத்துக்கொண்டுபோய்க் காட் அலமாரியில் வைத்துவிடுங்கள், ஒரு பிள்ளைக்காக. அதையும் எழுதிப் பார்த்தேன். அவர் கை ஜாடியை நகர்த்தவே இல்லை. இடம் மாறிய ஜாடி தொலைந்த ஜாடி. அடுத்துத் தேடி வருபவருக்கு அது கிடைக்காது. இருபது ஆண்டு காத்த ஒழுங்கை மாற்றி ஒரு பொய்யைக் கொடுத்தால், இந்தப் பிள்ளை அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு இனிப்புப் பொய் நன்றாகவே பழக்கம்.

"இங்க நாங்க வேற குடும்பம்னுதான் வச்சிருக்கோம்" என்றார் காப்பாளர்.

சிறுமி தலையாட்டினாள். மீனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. நாங்க இந்த மீனக் கேக்கல. அதால சொல்ல முடியாது, அதனால நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். உன்னைய அப்படிப் பண்ண மாட்டாங்க. நாளைக்கு உன்னைத்தான் கேப்பாங்க. நீ எது சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"இல்லன்னு சொன்னா?"

"கோவிச்சுக்க மாட்டேன்."

"அழுவீங்களா?"

காப்பாளர் யோசித்தார். "அழுவேன்."

"லிப்ட் அங்கிள்?"

"அவர் இப்பவே கீழ அழுதுட்டிருப்பார். லிப்டப் பாக்கற மாதிரி."

சிறுமி மீனைப் பார்த்தாள். "இது காயுது ஆன்ட்டி. உள்ள வச்சிடலாம்" என்றாள். இருவரும் சேர்ந்து அதை ஜாடிக்குள் இறக்கினார்கள். தலை முதலில் போனது. வால் மடங்காமல் அவள் விரலால் பிடித்துக்கொண்டாள்.

7

முடிவு.

முதல் முடிவை ஒரே மூச்சில் எழுதினேன். சனிக்கிழமை அறைக்கதவு திறக்கிறது. அவள் ஓடிவந்து காப்பாளரை அம்மா என்று கட்டிக்கொள்கிறாள். மறுநாள் படித்தபோது அந்தப் பிள்ளையின் வாயில் என் குரல் கேட்டது.

இரண்டாவதில் அவள் பையை எடுத்துக்கொண்டு இல்லத்தம்மாவோடு படியிறங்குகிறாள். பென்சில் பெட்டி கட்டிலில் கிடக்கிறது. துக்கத்தில் முடிந்தால் கதைக்கு ஆழம் கூடும் என்பார்கள். ஆழத்துக்காக ஒரு குழந்தையைப் படியிறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதில் புதிய புத்தகம் ஒன்று வெளிவருகிறது, பர்பட் மறுபடியும்

இல்லை. நிறுத்திக்கொள்கிறேன். உன்னைத்தான் கேட்பார்கள் என்று அந்த அம்மாள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தக் கதையில் யாரும் அதை மீறக் கூடாது. எழுதுகிறவனும்தான்.

ஆகவே இப்போது சனிக்கிழமை. இல்லத்தம்மா வந்து, அவளோடு அறைக்குள் போய், கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே பேச்சு நடக்கிறது, ஒட்டுக்கேட்க வேண்டாம். கணவர் டீ போட்டிருக்கிறார். சர்க்கரை போட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. காப்பாளர் ஜன்னலோரம் நின்று, ஏற்கனவே சுத்தமாக இருக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் எனக்குத் தெரிந்த பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பதில் எதையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

நீங்களும் வாருங்கள், உட்காருங்கள். நாற்காலி இருக்கிறது. நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவள் சொன்னதை அவளே வந்து சொல்லுவாள். கதவு திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிறேன் என்றாலும் போகிறேன் என்றாலும் ஒரே முகமாக, வாம்மா என்கிற முகமாக இருக்கட்டும். வெளியே வருகிற பிள்ளை முதலில் அதைத்தான் பார்க்கும்.